களை எடுப்பவளின் சம்பளம்

புரோகிராம் எழுதுவது நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலை. அந்த நிழலில் எங்களுக்கு வியர்ப்பதை வெயிலில் நிற்பவர்கள் நம்பமாட்டார்கள். நீங்களும் இந்தத் தொழிலில் இருப்பவர் என்றால் உங்களுக்குத் தெரியும். பக்கத்து நாற்காலிக்காரருக்கு எவ்வளவு சம்பளம் என்று தெரியவந்த நாளில் மதியச் சாப்பாடு உங்களுக்கும் தொண்டையில் நின்றிருக்கும்.

எண்பதுகளின் பிற்பகுதியில், மலேசியாவின் சிரம்பானில், ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்த சிறிய கம்பெனியில் வேலை பார்த்தேன். தோட்டங்களுக்குச் சம்பளக் கணக்குப் போடும் புரோகிராம்களை எழுதி விற்போம். மூன்றே பேர்: முதலாளி, அந்தோணி, நான். அந்தோணி மந்தினிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருவான். நான் ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்துப் பெண், பெயர் செல்வி. அப்பா பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தார்; அம்மா களை எடுத்தார். அந்த ஆண்டு அப்பாவுக்கு ஓய்வு. ஓய்வு பெற்றவர் தோட்டத்து வீட்டில் இருக்க முடியாது. தீபாவளிக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் ரந்தாவில் கட்டிக்கொண்டிருந்த மலிவு விலை வீடுகளில் ஒன்றை நான் கடன் போட்டு வாங்கியாக வேண்டும். இனி வரும் ஒவ்வொரு சம்பவத்தின்போதும் இந்தக் கவலை என் வயிற்றில் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தராசில் ஏறிய தாள்

முதலாளி வட்டிக்கடைக் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய அப்பா காலத்தில் லிங்கி பக்கம் அவர்களுக்கு ஒரு சிறிய ரப்பர்த் தோட்டமும் இருந்தது. ஆட்களிடம் வேலை வாங்குவதை அவர் அங்கேதான் பார்த்திருந்தார். வேறு வழி இருப்பதாக அவருக்குத் தெரியாது. அதனால் எங்கள் ஆபிசிலும் காலையில் பெரட்டு நடந்தது. பெரட்டு என்றால், தோட்டத்தில் வேலை தொடங்குமுன் ஆட்களை வரிசையாக நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவது. இரண்டே பேர்தான் என்றாலும் நாங்கள் அவர் மேசைக்கு முன்னால் நின்று “இருக்கேன்” சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை நிறுவை. தோட்டத்தில் மரம் வெட்டுகிறவர் கொண்டுவரும் பாலை நிறுத்து, எடைக்கேற்பக் கூலி போடுவார்கள். அதுபோல அந்த வாரம் எழுதிய புரோகிராமை அச்செடுத்து நாங்கள் முதலாளியிடம் கொடுக்க வேண்டும். அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது. பழைய தராசில் வைத்து எடை பார்ப்பார். அந்தோணியின் கட்டை வைத்ததும் தட்டு ‘டக்’கென்று இறங்கும். என்னுடையதை வைத்தால் தட்டு சற்று யோசிக்கும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளையே பார்ப்பேன். முதல் சனிக்கிழமை வெளியே வந்ததும் அந்தோணி என் காதருகே சொன்னான்: “அடுத்த வாரம் தடிச்ச தாளா வாங்கி அச்செடு செல்வி. சம்பளம் கூடும்லா.”

தண்ணீர் வரிகள்

புரோகிராமில் கம்ப்யூட்டருக்கான வரிகளுக்கு நடுவே மனிதர்களுக்கான வரிகளையும் எழுதலாம். ‘இந்த இடத்தில் மழை நாள் கூலி கணக்கிடப்படுகிறது’ என்பதுபோன்ற விளக்க வரிகள். கம்ப்யூட்டர் அவற்றைத் தாண்டிப் போய்விடும். பின்னால் திருத்த வருகிறவருக்கு அவைதான் துணை. நான் அவற்றை நிறைய எழுதுவேன். கம்ப்யூட்டர் விற்க வந்த ஒருவர் பேச்சுவாக்கில் இதை முதலாளியிடம் சொல்லிவிட்டார்.

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. தோட்டத்தில் சிலர் பாலில் தண்ணீர் கலந்து எடையைக் கூட்டுவார்கள். கணக்கெழுதும் கிராணி அதில் மிதவைக் கருவியை விட்டுக் கண்டுபிடித்துவிடுவார். கம்ப்யூட்டருக்கு வேண்டாத வரி என்றால் அது தண்ணீர்தானே என்றார். எல்லாப் புரோகிராம்களிலும் இருந்த விளக்க வரிகளை அழிக்கச் சொன்னார். அந்தோணிக்குச் சுலபம்; அவன் எழுதியதே கொஞ்சம். நான் என் வரிகளை ஒவ்வொன்றாக அழித்தபோது கை ஓடவில்லை. “சார், நாளைக்கு இதத் திருத்துறவங்களுக்கு ஒண்ணும் புரியாதே” என்றேன். முதலாளி சிரித்தார்: “புரியலேன்னா எழுதினவனக் கேட்டுக்கலாம்மா. எங்க ஓடிப்போயிடப் போறான்?”

என் பிரிவு

எங்கள் சம்பளத்தையும் எங்கள் புரோகிராமே போட்டது. வேறொன்றை வாங்க முதலாளிக்கு மனம் வரவில்லை. வழக்கமாக அவரே உட்கார்ந்து அந்த வேலையைச் செய்வார். ஒரு மாதம் அவர் பினாங்குக்குப் போக வேண்டியிருந்ததால் என்னைச் செய்யச் சொன்னார். அது தோட்டத்துப் புரோகிராம் அல்லவா, அதில் தோட்டத்து வேலைப் பிரிவுகள்தான் இருந்தன: வெட்டு, களை, உரம், ஆட்களை மேய்க்கும் மண்டோர். அந்தோணியின் பெயருக்கு நேரே ‘வெட்டு’ என்று இருந்தது. என் பெயருக்கு நேரே ‘களை’. நாங்கள் ஒரே பரீட்சை எழுதி ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவனுடைய சம்பளத்தில் பாதிக்குச் சற்றுக் கூடுதல் எனக்கு.

தோட்டத்துப் பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெட்டுக்குக் கூலி அதிகம், களைக்குக் குறைவு. அப்பாவும் அம்மாவும் ஒரே பெரட்டில் நின்றுதான் வேலைக்குப் போனார்கள். அம்மாவின் சம்பளச் சீட்டு எப்போதும் மெலிந்தே இருந்தது. ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தோணி உண்மையிலேயே கெட்டிக்காரன். நான் ஒரு வாரம் திணறுவதை அவன் ஒரு காலையில் முடித்துவிட்டு, கீழே போய் தே தாரேக் குடித்துக்கொண்டிருப்பான். அவனுக்கு என்னைவிடக் கூடுதலாகக் கொடுக்கலாம். எவ்வளவு கூடுதல் என்பதுதான் என்னைத் தின்றது. அவன் எழுதியதில் பிழை வந்தால் திருத்துகிற வேலை என் மேசைக்குத்தான் வந்தது. முதலாளி திரும்பி வந்ததும் கேட்டேன். அவர் வியப்பாகப் பார்த்தார்: “புரோகிராம்ல உள்ள களையத்தானம்மா நீ எடுக்குற? சரியாத்தானே போட்டிருக்கேன்?”

வங்கியில்

மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். இருந்ததில் நல்ல பாஜு குருங்கை உடுத்திக்கொண்டு போனேன். அதிகாரி தமிழர், கழுத்தில் டை. “கம்ப்யூட்டர் புரோகிராமர்” என்று சொன்னதும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்தக் காலத்தில் அப்படி ஒரு மரியாதை இருந்தது.

சீட்டைப் படித்ததும் அவர் புருவம் சுருங்கியது. அதில் என் வேலை ‘புல் வெட்டுபவர்’ என்று மலாயில் அச்சாகியிருந்தது. நான் விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே நம்பிக்கை போனது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வீட்டுக் கடனுக்குக் குறைந்தது எவ்வளவு சம்பளம் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அது என் சம்பளத்துக்கு மேலே, அந்தோணியின் சம்பளத்துக்குக் கீழே இருந்தது. தீபாவளி எப்போது என்பது அவருடைய நாட்காட்டியிலேயே தெரிந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்தவர், இரக்கத்தோடு குரலைத் தாழ்த்தினார்: “கோவிச்சுக்காதீங்க தங்கச்சி. நெசமாவே எந்தத் தோட்டத்துல புல்லு வெட்டுறீங்க?”

ஒரு மங்கு

மறுநாள் பெரட்டிலேயே, என்னையும் வெட்டுக்குப் போடச் சொல்லிக் கேட்டேன். புதிய புரோகிராம் எழுதத் தருமாறு கேட்டேன் என்று பொருள். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றுக்குக் குலைக் கணக்குப் புரோகிராம் வேண்டியிருந்தது. “எழுதிக் காட்டு, பாப்போம்” என்றார் முதலாளி.

அந்தோணியாக இருந்தால் அன்றே விசைப்பலகையைத் தட்டத் தொடங்கியிருப்பான். நான் தோட்டத்துக்குப் போய், பழுக்காத குலைக்குக் கூலி உண்டா, உதிர்ந்த பழத்தை யார் பெயரில் எழுதுவார்கள் என்றெல்லாம் கேட்டு வந்தேன். கேட்டுவந்ததை எழுதினேன், எழுதியதைச் சோதித்தேன். சனிக்கிழமை வரும்போதெல்லாம் தராசில் வைக்க ஒன்றும் இருக்காது. கடைசியில் முடித்தேன். அது நன்றாகவே ஓடியது. தோட்டத்திலிருந்து ஒரு புகாரும் வரவில்லை. ஆனால் அதே காலத்தில் அந்தோணி நான்கு எழுதிவிட்டான். அவற்றில் மூன்றில் பிழை இருந்து, மூன்றும் என் மேசைக்கு வந்தது வேறு விஷயம். அது தராசில் ஏறாது. முதலாளி என் தாள்களைத் தட்டில் வைத்தார், முள்ளைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். பால் சேரும் சின்னக் கிண்ணத்தைத் தோட்டத்தில் மங்கு என்பார்கள். அவர் சொன்னது: “அவன் வாளியில கொண்டாறான், நீ மங்குல கொண்டாற. நான் என்னம்மா செய்ய?”

சம்பள நாள்

லிங்கி பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு காலையில் தொலைபேசி வந்தது. அன்று அங்கே சம்பள நாள். சிலருக்குக் கூலி மிகக் குறைவாக வந்திருக்கிறது. ஆட்கள் பணத்தை வாங்க மறுத்து ஆபிசைச் சூழ்ந்து நிற்கிறார்கள். அது அந்தோணி எழுதிய புரோகிராம். அன்று பார்த்து அவன் விடுப்பு. அவன் கோலாலம்பூரில் வேலைக்கு நேர்காணலுக்குப் போயிருந்தது முதலாளிக்குத் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். முதலாளி என்னைப் பஸ் ஏற்றி அனுப்பினார். பஸ் முழுக்க ஒரே நினைப்பு: இது கெட்டால் அந்தோணி கே.எல். போய்விடுவான், நான் வீட்டுக்குப் போய்விடுவேன். அந்த வீடும் தீபாவளி வரைதான்.

தோட்டத்து வாசலில் துணிக்காரர், பலகாரக்காரர், பாத்திரக்காரர் எல்லாரும் சம்பள நாள் பசார் போட்டு, காசு வராததால் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அந்தோணியின் வரிகளைப் பார்த்தேன். ஒரு விளக்க வரிகூட இல்லை. எல்லாவற்றையும் தண்ணீர் என்று அழித்திருந்தோம். எதற்கு எந்த வரி என்று தெரியாமல், இருட்டில் சாவித் துவாரம் தேடுவதுபோலத் தேடினேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

மாலையில்தான் பிடிபட்டது. ஒருவர் வெட்ட வேண்டிய மரவரிசைகளை நிரை என்பார்கள். யாராவது வராவிட்டால், வேகமான வெட்டுக்காரர் தன் நிரையை முடித்துவிட்டு வராதவருடைய நிரையையும் வெட்டுவார். ஆக, ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டு எடை வரும். முன்பு ஒருமுறை கிராணி ஒரே கணக்கை இரண்டு தடவை தட்டிவிட்டார். அதைத் தடுக்க, ஓர் ஆளுக்கு ஒரு நாளில் இரண்டாவது எடை வந்தால் தள்ளிவிடும்படி அந்தோணி அவசரமாக எழுதியிருந்தான். அதனால் அதிகம் உழைத்தவர்களுக்குத்தான் அடி. நிரை எண்ணையும் பார்க்கும்படி ஒரு வரி சேர்த்தேன். கூலி சரியாக வந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்ற ஓர் அக்காள், தலைத்துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டே கேட்டாள்: “ரெண்டு நெரை வெட்டுனா ஒரு நெரைக்குக் கூலி. அப்ப மூணு நெரை வெட்டியிருந்தா நாங்க ஒங்களுக்குக் குடுக்கணுமாம்மா?”

ஒரு வரி

மறுநாள் பெரட்டில் முதலாளி, அந்த வேலையை அச்செடுத்துக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனேன். ஒரு தாள், அதில் ஒரு வரி. தாளைத் திருப்பி மறுபக்கமும் பார்த்தார். தராசில் வைக்கவேயில்லை. தோட்டத்தில் வேலை குறைந்தால் ‘அரை நாள் பெயர்’ போட்டு, பாதிக் கூலிதான் தருவார்கள். எனக்கும் அப்படிப் போட்டுவிடுவாரோ என்று பயந்தேன். அரை நாள் போடவில்லை. ஆனால் தாளைத் திருப்பிக் கொடுத்தபோது உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: “ஒத்த வரிக்கா போக வர பஸ் காசு குடுத்தேன்?”

கே.எல். செய்தி

அந்தோணிக்கு வேலை கிடைத்துவிட்டது. முதலாளி கூட்டித் தருகிறேன் என்று கெஞ்சியும் அவன் நிற்கவில்லை. அவன் போன பிறகு ஆபிசில் பெரட்டு என்பது எனக்கும் அவருக்கும் நடந்த உரையாடல் ஆகிவிட்டது. அவன் எழுதிய புரோகிராம்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் ஓடிக்கொண்டிருந்தன. தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் நானும் முதலாளியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். தீபாவளிப் பலகாரத்துக்கு அம்மா மாவு இடிக்கத் தொடங்கியிருந்தார். அப்பா ஒவ்வொரு வாரமும், “வீடு என்ன ஆச்சு?” என்று கேட்பதை நிறுத்திவிட்டார். அவர் கேட்காதது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஒரு பிற்பகல் முதலாளி வெளியே போயிருந்த நேரம், அந்தோணி தொலைபேசியில் கூப்பிட்டான். அங்கே அவனைவிட வேகமாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்களாம். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் தன் விரல்கள் மரக்கட்டையாகிவிடுகின்றன என்றான். புதிதாக வந்தவன் என்பதால் பழைய புரோகிராம்களைத் திருத்தும் வேலையைத்தான் கொடுத்திருக்கிறார்கள். அவன் குரல் இறங்கியிருந்தது. எனக்கு அவனுக்காகப் பாவமாக இருந்தது. பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னான்: “இங்க என்னையும் களைக்குத்தான் போட்டிருக்காங்க செல்வி. ஆனா இங்க களைக்கே, அங்க வெட்டுக்குக் குடுத்ததவிட கூடக் குடுக்குறாங்க.”

மற்றவர்கள்

அந்தச் செய்தியை இரண்டு நாள் வாய்க்குள் வைத்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் முதலாளியிடம் சொன்னேன். “சார், கே.எல்.ல களைக்கு இவ்வளவு குடுக்குறாங்களாம்.” அவர் பேனாவை மூடினார். “நீயும் போகப் போறியா?” என்றார். அப்பாவையும் அம்மாவையும் விட்டு நான் எங்கே போவது? அதைச் சொல்ல வாய் திறந்து, மூடிக்கொண்டேன். என் மௌனத்தை அவர் வேறுவிதமாகப் புரிந்துகொண்டார். அந்தோணியின் காலி நாற்காலியைப் பார்த்தார். அலமாரியில் இருந்த, ஒரு விளக்க வரியும் இல்லாத அச்சுக் கட்டுகளைப் பார்த்தார். அவற்றைப் படிக்கத் தெரிந்தவள் சிரம்பானில் ஒருத்திதான் என்பது அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். வங்கி அதிகாரி தாளில் எழுதிக் காட்டியதைச் சொன்னேன். அதற்கு மேல் ஒரு வெள்ளிக் காசு கேட்கத் தைரியம் வரவில்லை. அது அந்தோணிக்குக் கொடுத்ததைவிடக் குறைவு என்று தெரிந்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது. நான் தவறு செய்துவிட்டேன் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்தது. அதற்குள் அவர் சம்மதித்துவிட்டார். வங்கிக்குத் தனியாகக் கடிதமும் தருவதாகச் சொன்னார். பிரிவை மட்டும் மாற்றவில்லை. களை களையாகவே இருந்தது. நான் வெளியே போகத் திரும்பியபோது, அந்த ஆபிசில் எங்கள் இருவரையும் தவிர ஒரு பிள்ளைப்பூச்சிகூட இல்லை. அவர் குரலைத் தாழ்த்தி எச்சரித்தார்: “யார்கிட்டயும் சொல்லிடாத. அப்புறம் மத்தவங்களும் கேப்பாங்க.”

புது வீட்டுப் புல்

கடன் கிடைத்தது. அதிகாரி இந்த முறை தொகையை மட்டும் பார்த்தார். எந்தத் தோட்டம் என்று கேட்கவில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம் தோட்டத்து லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ரந்தாவுக்கு வந்தோம். இரண்டு அறை, சுவரில் இன்னும் சுண்ணாம்பு வாசனை. அப்பா ஒவ்வொரு குழாயாகத் திறந்து மூடினார். நான் இருபது ஆண்டுத் தவணையை நினைத்து, அதற்குள் முதலாளி என் பெயரைப் பெரட்டிலிருந்து எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று புதிதாகக் கவலைப்படத் தொடங்கியிருந்தேன்.

அம்மா உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றிருந்தார். வீடு கட்டியவர்கள் விட்டுப்போன முற்றத்தில் லாலாங் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. அம்மாவின் கைகள் பழக்கத்தில் குனிந்து அதைப் பிடுங்கிவிடும் என்றுதான் நான் நினைத்தேன். அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். “இந்தப் புல்ல நான் தொடமாட்டேன். ஆள் வச்சு வெட்டுங்க. அவ கேக்குற கூலியக் கொறைக்காமக் குடுங்க.”

தோட்டம் தோட்டமாக ஆயிரம் பேருடைய கூலியைக் காசு பிசகாமல் போட்டுத்தரும் நாம், நம்முடையதைக் கேட்க மட்டும் இன்னும் கதவருகே நின்று தொண்டையைச் செருமிக்கொண்டுதான் இருக்கிறோம்.